சூளும் பொய்ச்சூளும்: ‘மன்ஸ்வோர்ன்’ என்னும் ஆங்கில வட்டாரச் சொல்லின் சமூக வரலாறு

1. முகவுரை

சொற்கள் வழக்கொழிவதை மொழியின் இயல்பான முதுமையெனக் கொள்ளும் மரபு சொல்லாராய்ச்சியில் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. பழையன கழிவதும் புதியன புகுவதும் இயற்கையே என்று அமைதி காண்பது எளிது. ஆயின் எந்தச் சொல் கழிந்தது, எவருடைய வாயிலிருந்து கழிந்தது, எவருடைய வாயில் நிலைத்தது, அதனிடத்தைப் பிடித்த சொல் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களை எழுப்பும்போது சொல்லின் வரலாறு அதனைப் பேசிய மக்களின் வரலாறாக மாறிவிடுகின்றது. இவ்வகை ஆராய்ச்சிக்கு மிகவும் பொருத்தமான ஒரு சான்றாக, இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்கொட்லாந்திலும் வழங்கிவந்த ‘மன்ஸ்வோர்ன்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ‘பொய்ச்சத்தியம் செய்தவன்’ என்பது அதன் பொருள். அதன் வினைவடிவம் ‘மன்ஸ்வேர்’ என்பதாகும். ஆங்கில அகராதிகள் இவற்றைப் ‘பழவழக்கு’, ‘வட்டார வழக்கு’ என்னும் இரு குறிப்புகளோடு பதிவு செய்கின்றன.

இச்சொல் வட்டார வழக்காக ஒடுங்கியமைக்குக் காரணம் மொழியியற் சார்ந்ததன்று, அரசியல் சார்ந்தது என்பதும், சட்டத்தின் மொழி மக்களின் மொழியிலிருந்து பிரிந்தபோது இச்சொல் நீதிமன்றத்தை இழந்து மக்களின் அறவுணர்விலே தங்கியது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும். தமிழில் ஆணை, சத்தியம், சூள் ஆகிய சொற்கள் இப்பொருட்பரப்பில் வழங்குகின்றன. ‘ஆணை’ கட்டளையையும் குறிப்பதால் மயக்கம் தவிர்க்கும்பொருட்டு ‘சூள்’, ‘பொய்ச்சூள்’ என்னும் சொற்களே இங்குப் பெரிதும் ஆளப்படுகின்றன.

2. சொல்லின் பிறப்பும் உறவும்

நோர்மானியர் வருகைக்கு முற்பட்ட ஆங்கிலத்தை, அதாவது பழைய ஆங்கிலத்தை, நோக்குமிடத்து இச்சொல்லின் மூலவடிவம் ‘மான்ஸ்வெரியன்’ என்பது தெளிவாகின்றது. இது இரு உறுப்புகளாலானது. ‘ஸ்வெரியன்’ என்பது சூளுரைத்தல். இன்றைய பொது ஆங்கிலத்தில் ‘ஸ்வெயர்’ என நாம் அறிந்த வினையின் முன்னோடி அதுவே. ‘மான்’ (தமிழில் விலங்கைக் குறிக்கும் சொல்லோடு இதனை இணைத்தல் வேண்டா) என்பது தீமை, குற்றம், வஞ்சகம் என்னும் பொருள்களை உடையது. பொய்ச்சூளைக் குறிக்கும் பெயர்ச்சொல் ‘மானாத்’. ‘ஆத்’ என்பது சூள், இன்றைய ‘ஓத்’. பொய்ச்சூள் உரைப்பவன் ‘மான்ஸ்வரா’ எனப்பட்டான்.

இச்சொல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மானிய மொழிக்குடும்பம் முழுவதிலும் இதன் உறவுச் சொற்கள் காணப்படுகின்றன. ஜேர்மன் மொழியில் ‘மைன்ஐட்’, ஒல்லாந்த மொழியில் ‘மேன்ஏட்’, சுவீடிய, டேனிய, நோர்வீஜிய மொழிகளில் ‘மேன்எட்’ என்பன ஒரே சொல்லின் கிளைகளே. பழைய நோர்ஸ் மொழியில் பொய்ச்சூளனை ‘மெயின்ஸ்வரி’ என்றனர். ஐஸ்லாந்தில் எழுத்துருப் பெற்ற ‘வொலுஸ்பா’ என்னும் பழம்பாடல், மறுவுலகில் கடும் நீரோட்டங்களிடையே நடந்து துன்புறுவோராகக் கொலைஞரோடு பொய்ச்சூளரையும் வைத்துக் காட்டுகின்றது. கிறித்தவத்துக்கு முற்பட்ட நம்பிக்கைகளின் சாயலையுடைய அப்பாடலில் கொலைக்குச் சமமான குற்றமாகப் பொய்ச்சூள் எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது.

‘மான்’ என்னும் முதலுறுப்பினை ‘மாற்றுதல், கைமாறுதல்’ என்னும் பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேரோடு அறிஞர் தொடர்புபடுத்துவர். லித்துவேனிய மொழியில் பண்டமாற்றினைக் குறிக்கும் சொல்லும் அவ்வேரிலிருந்து வந்ததே. ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுத்தல் என்னும் நிலையிலிருந்து வஞ்சகம் என்னும் பொருள் வளர்ந்திருத்தல் கூடும். இக்கருத்து ஏற்கப்படுமாயின், சந்தையில் தோன்றிய ஓர் ஏமாற்றின் பெயரே பின்னர் தெய்வத்தின் முன் நிகழும் ஏமாற்றுக்கும் பெயராயிற்று எனலாம்.

3. சூள் சட்டமாக இருந்த காலம்

ஆங்கிலோ-சக்ஸன் சமுதாயத்தில் சூள் வெறும் சமயச் சடங்காக இருக்கவில்லை. அதுவே சான்று, அதுவே தீர்ப்பு. எழுத்தாவணங்கள் அருகியும், குற்றத்தைப் புலனாய்ந்து அறியும் அரச அமைப்புகள் இல்லாமலும் இருந்த அச்சமுதாயத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவன் தான் குற்றமற்றவன் எனச் சூளுரைத்தான். அவனுடைய சூள் தூய்மையானது என்று வேறு சிலர் உடன் நின்று சூளுரைத்தனர். இவர்களைச் சூள்துணைவர் எனலாம். அவர்கள் நிகழ்ச்சியைக் கண்ட சாட்சிகளல்லர்; அந்த மனிதனை அறிந்தவர்கள். அவர்கள் கூறவேண்டிய வாய்பாடு, முதல்வனின் சூள் தூயது என்றும் ‘மான்’ அற்றது என்றும் அறிவித்தது. ‘மான் அற்ற’ என்பதற்கு ‘உன்மேனே’ என்ற சொல்லை அவ்வாய்பாடு பயன்படுத்திற்று. ஆகவே நாம் ஆராயும் சொல்லின் முதலுறுப்பு அன்றைய நீதிமுறையின் மையத்திலேயே இடம் பெற்றிருந்தது.

871 முதல் 899 வரை ஆண்ட அல்பிரட் மன்னன் தனது சட்டத்தொகுப்பின் சொந்த விதிகளைத் தொடங்கும்போது, ஒவ்வொருவரும் தம் சூளையும் உறுதிமொழியையும் காத்தல் வேண்டும் என்பதையே முதலில் வைத்தான். கொலைக்கும் களவுக்கும் முன்னர் சூள் வைக்கப்பட்டமை தற்செயலன்று. சூள் பொய்க்குமாயின் மற்றைய சட்டங்கள் எவையும் இயங்கா.

924 முதல் 939 வரை ஆண்ட அதெல்ஸ்தன் மன்னன் கிரேட்லியில் வெளியிட்ட சட்டம், பொய்ச்சூள் வெளிப்பட்டவன் மீண்டும் ஒருபோதும் சூளுரைக்கும் தகுதி பெறான் என்று விதித்தது. அவன் உரிய கழுவாய் தேடினான் என ஆயர் சான்று கூறாவிடின், இறந்தபின் புனித நிலத்தில் அவனை அடக்கம் செய்தலும் ஆகாது. இத்தண்டனையின் ஆழத்தை நாம் உணரவேண்டும். சூள்தகுதி இழந்தவன் தன்மீது சுமத்தப்படும் எந்தக் குற்றத்தையும் தன் சொல்லால் மறுக்க முடியாது. பிறனுக்குத் துணைநிற்கவும் முடியாது. உயிரோடிருக்கும்போதே சட்டத்தின் முன் அவன் இறந்தவன். இறந்தபின் ஊராருடன் மண்ணிலும் கிடக்க உரிமையற்றவன். ‘மான்ஸ்வரா’ என்னும் சொல் அன்று ஒரு வசையாக மட்டும் இருக்கவில்லை. ஒருவனுடைய சமூக இருப்பையே நீக்கும் ஆற்றல் அதற்கிருந்தது.

1016 முதல் 1035 வரை ஆண்ட கனூட் மன்னனின் சட்டம், புனிதப் பொருள்களின்மீது பொய்ச்சூள் உரைத்தவன் தன் கையை இழக்கவேண்டும், அல்லது தன் உயிர்விலையின் பாதியைச் செலுத்தவேண்டும் என்று கூறிற்று. உயிர்விலை என்பது ஒருவன் கொல்லப்பட்டால் அவனுடைய உறவினருக்குச் செலுத்தப்படவேண்டிய தொகை. அது அவனுடைய சமூகப் படிநிலைக்கேற்ப வேறுபட்டது. பேராயர் வுல்ப்ஸ்தன் 1014ஆம் ஆண்டளவில் தம் நாட்டு மக்களை நோக்கி நிகழ்த்திய புகழ்பெற்ற அறவுரையில், நாட்டின் அழிவுக்குக் காரணமானவர்களை வரிசைப்படுத்துமிடத்து மான்ஸ்வராக்களையும் கொலைஞரையும் அடுத்தடுத்து நிறுத்தினார். வொலுஸ்பாப் பாடலின் அடுக்குமுறையும் கிறித்தவப் பேராயரின் அடுக்குமுறையும் ஒன்றுபடுதல் வியப்புக்குரியது.

4. உண்மைக்கும் விலையுண்டு

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு ஆங்கிலோ-சக்ஸன் சமுதாயம் மனிதனின் சொல்லை மதித்த பொற்காலமென முடிவு செய்தல் தவறாகும். அச்சமுதாயம் எல்லோருடைய சொல்லையும் ஒன்றாக மதிக்கவில்லை. 1200 சில்லிங் உயிர்விலையுடைய உயர்குடியினன் ஒருவனது சூள், 200 சில்லிங் உயிர்விலையுடைய சாதாரணக் குடியானவர் அறுவரின் சூளுக்குச் சமமென அக்காலச் சட்டக்குறிப்பொன்று தெளிவாகக் கணக்கிடுகின்றது. உயிர்விலையின் விகிதமும் ஆறு. சூளின் விகிதமும் ஆறு. ஒருவனது உடலுக்கு இட்ட விலையே அவனுடைய உண்மைக்கும் இடப்பட்டது.

இப்படிநிலையின் இரு முனைகளையும் 695ஆம் ஆண்டளவில் கென்ற் நாட்டு மன்னன் விற்ரெட் வெளியிட்ட சட்டத்திலே காணலாம். மன்னனின் சொல்லும் ஆயரின் சொல்லும் சூளின்றியே மறுக்கவியலாதவை என அது கூறுகின்றது. மறுபுறத்தில், குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைக்காக அவனுடைய தலைவனே சூளுரைத்து அவனை மீட்கவேண்டியிருந்தது. ஆக, உச்சியில் இருந்தவனுக்குச் சூள் தேவைப்படவில்லை. அடியில் இருந்தவனுக்குச் சூள் கிட்டவில்லை. இடையிலிருந்த சுதந்திரக் குடியானவனுக்கே சூள் உயிர்நாடியாயிற்று. நிலமும் ஆயுதமும் குறைந்த அவனிடம் இருந்த சட்டச்செல்வம் அயலவரின் நம்பிக்கை ஒன்றே. அதனை இழந்தால் அவன் அடிமையின் நிலைக்கு அண்மையிலே வந்துவிடுவான். ‘மான்ஸ்வரா’ என்னும் சொல்லுக்குச் சாதாரண மக்களிடையே ஏற்பட்ட அச்சம் இந்த வர்க்கநிலையிலிருந்து பிறந்ததென்பதை மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் அச்சொல் அம்மக்களிடமே எஞ்சியமைக்கும் இதுவே அடிப்படையாகும்.

5. 1066: பொய்ச்சூளின் பேரால் ஒரு படையெடுப்பு

1066ஆம் ஆண்டின் நோர்மானியப் படையெடுப்பு நம் சொல்லின் வரலாற்றில் தலைகீழ் மாற்றத்தை ஏற்படுத்திற்று. அப்படையெடுப்பே பொய்ச்சூள் என்னும் குற்றச்சாட்டினால் நியாயப்படுத்தப்பட்டது என்பது வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்றாகும். ஹரல்ட் முன்னர் நோர்மண்டிக்குச் சென்றபோது வில்லியத்தின் உரிமையை ஆதரிப்பதாகப் புனிதப் பொருள்களின்மீது சூளுரைத்தான் என்றும், பின்னர் தானே முடிசூடியதால் பொய்ச்சூளன் ஆனான் என்றும் நோர்மானியர் பரப்பினர். பேயோச் சித்திரத்திரையில் ஹரல்ட் இரு திருப்பேழைகளைத் தொட்டுச் சூளுரைக்கும் காட்சி முக்கிய இடம் பெறுகின்றது. அச்சூள் விரும்பிச் செய்யப்பட்டதா, பிணைநிலையில் பெறப்பட்டதா என்பது வரலாற்றாசிரியரிடையே வாதத்துக்குரியதே. ஆயினும் ஒரு நாட்டைக் கைப்பற்றுவதற்கு அந்நாட்டு மன்னனைப் பொய்ச்சூளன் என அழைத்தல் போதிய நியாயமாகக் கருதப்பட்டது என்பதில் ஐயமில்லை.

ஹரல்டைப் பொய்ச்சூளன் என்று தூற்றி வந்தவர்கள், பொய்ச்சூளுக்குரிய ஆங்கிலச் சொல்லை ஏற்கவில்லை. அவர்கள் நிறுவிய ஆட்சியில் எழுத்துமொழி இலத்தீன். உயர்குடியினரின் பேச்சுமொழி பிரெஞ்சு. காலப்போக்கில் நீதிமன்ற வாதங்களும் பிரெஞ்சிலேயே நிகழ்ந்தன. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘பேர்ஜரி’ என்னும் சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்திலும் இடம்பிடித்தது. பிரெஞ்சு மக்களுக்கு விளங்கவில்லை என்னும் காரணத்தைக் காட்டி, வாதங்கள் ஆங்கிலத்தில் நிகழவேண்டும் என 1362இல் சட்டமியற்றப்பட்டபோதும் பதிவேடுகள் இலத்தீனிலேயே தொடர்ந்தன. அவற்றையும் ஆங்கிலமாக்கும் சட்டம் 1733இலேயே நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளாக ஆங்கிலக் குடியானவன் தன் மொழியில் சூளுரைத்தான். அது வேறு மொழியில் எழுதப்பட்டது.

இதே காலத்தில் நீதிமுறையும் மாறிற்று. தீயாலும் நீராலும் குற்றவாளியைச் சோதிக்கும் முறைக்குக் குருமார் துணைபோதலை 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் தடுத்தது. அதன்பின் ஊரவரைக் கொண்ட யூரர் சபை முக்கியத்துவம் பெற்றது. சூள்துணைவர் முறை அரச நீதிமன்றங்களில் கடன் முதலிய வழக்குகளோடு ஒடுங்கி, பெயரளவில் 1833வரை உயிர்தரித்துப் பின்னர் ஒழிக்கப்பட்டது. சூள் தீர்ப்பாக இருந்த நிலை மறைந்து, சூள் சாட்சியத்தின் முன்னுரையாகச் சுருங்கிற்று.

பொய்ச்சாட்சியத்தை முறையாகத் தண்டிக்கும் சட்டம் முதலாம் எலிசபெத்தின் காலத்தில் 1563இல் இயற்றப்பட்டது. பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு 20 பவுண் தண்டமும் 6 மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. அவனுடைய சாட்சியம் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் ஏற்கப்படாது. 20 பவுண் பெறுமதியான பொருள் இல்லாதவனோ சந்தையிடத்தில் தண்டமரத்தில் நிறுத்தப்பட்டு இரு காதுகளும் ஆணியடிக்கப்படவேண்டும். கனூட்டின் சட்டத்தில் கைக்கும் பணத்துக்கும் இடையில் இருந்த தெரிவு, ஐந்து நூற்றாண்டுகளின் பின்னர் காதுக்கும் பணத்துக்கும் இடையில் தொடர்ந்தது. சொல் மாறிற்று, மொழி மாறிற்று, உடைமையுள்ளவன் பொருளாலும் உடைமையற்றவன் உடலாலும் ஈடுசெய்யும் நிலை மாறவில்லை.

6. வடக்கில் எஞ்சிய சொல்

தென்பகுதியில் ‘பேர்ஜரி’ என்னும் சட்டச்சொல்லுக்கும் ‘போர்ஸ்வேர்’ என்னும் பொதுச்சொல்லுக்கும் இடையில் நம் சொல் நசிந்து மறைந்தது. வடபகுதியிலும் ஸ்கொட்லாந்திலும் அது நிலைத்தது. இதற்கு இரு காரணங்கள் கூறலாம். இலண்டனின் சட்டமொழியும் எழுத்துமொழியும் வடக்கே மெதுவாகவே பரவின என்பது ஒன்று. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கந்திநேவியரின் மொழியில் ‘மெயின்ஸ்வரி’ என்னும் உறவுச்சொல் வழங்கியமை மற்றொன்று. இரு மொழியினருக்கும் ஒருங்கே விளங்கிய சொல் எளிதில் அழிந்திராது.

அச்சொல்லின் ஒலிவடிவமும் வடபுலத்தின் முத்திரையைத் தாங்கியுள்ளது. பழைய ஆங்கிலத்தின் நெட்டுயிர் ‘ஆ’ தெற்கே ‘ஓ’ ஆயிற்று. கல்லைக் குறித்த ‘ஸ்தான்’ அங்கு ‘ஸ்ரோன்’ ஆனது. வடக்கே அதே உயிர் ‘ஏ’ எனத் திரிந்தது. கல் ‘ஸ்ரேன்’ ஆனது, இல்லம் ‘ஹேம்’ ஆனது. அவ்வாறே ‘மான்’ என்பது வடக்கே ‘மேன்’, ‘மெயின்’ என ஒலித்தது. மெய்யெழுத்துகள் தொடர்ந்து வரும் இடத்தில் உயிர் குறுகியதால் ‘மன்’ என்னும் வடிவமும் உருவாயிற்று. ‘மன்ஸ்வோர்ன்’, ‘மெயின்ஸ்வோர்ன்’ என்னும் இரு வடிவங்களும் ஒழுங்கான ஒலிமாற்றத்தின் விளைவுகளே.

7. மீண்டும் நீதிமன்றத்தில்

சட்டத்திலிருந்து வெளியேறிய இச்சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதிர்பாராத வாயிலொன்றினூடாக மீண்டும் நீதிமன்றத்துள் நுழைந்தது. அது அவதூறு வழக்கு என்னும் வாயில்.

அக்காலத்தில் ஒருவனைப் ‘பேர்ஜர்ட்’ என்று கூறுதல் தன்னளவிலேயே வழக்குக்குரிய அவதூறாகும். ஏனெனில் அது நீதிமன்றத்தில் சொன்ன பொய்யைக் குறித்தது. அக்குற்றத்துக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. ஆயின் ‘போர்ஸ்வோர்ன்’ என்று மட்டும் கூறுதல் போதாது. அன்றாடப் பேச்சில் சத்தியம் செய்து தவறியவனையும் அச்சொல் குறிக்கும் என நீதிபதிகள் வாதித்தனர். இந்நிலையில், வடநாட்டான் ஒருவன் அயலவனை ‘மெயின்ஸ்வோர்ன்’ என்று வைதால் அது எவ்வகையைச் சேரும்? இலண்டன் நீதிபதிகளுக்கு அச்சொல் விளங்காது. வடநாட்டில் அச்சொல் ‘பேர்ஜர்ட்’ என்பதற்கு நிகரானது என்று எடுத்துரைக்கப்பட்டபோது, அது வழக்குக்குரியதே என ஏற்கப்பட்டது. 1613 முதல் 1625 வரை பொது வழக்கு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஹென்றி ஹோபாட்டின் பெயரால் வெளிவந்த வழக்கறிக்கைகளில் இவ்வகையில் அச்சொல் இடம்பெற்றுள்ளது.

இந்நிகழ்ச்சியின் உட்பொருள் பெரிது. வடநாட்டுக் குடியானவன் ஒருவனுக்கு அச்சொல்லால் நேர்ந்த இழப்பு உண்மையானது. ஊரில் எவரும் அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்யார்; அவனைச் சாட்சிக்கு அழையார்; பிணைக்கு ஏற்கார். ஆனால் அவ்விழப்பு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவேண்டுமாயின் அவனுடைய தாய்மொழிச் சொல் நீதிபதியின் மொழிக்குப் பெயர்க்கப்படவேண்டியிருந்தது. ஒருகாலத்தில் நாட்டின் சட்டச்சொல்லாக இருந்த ஒன்று, அதே நாட்டின் நீதிமன்றத்தில் விளக்கம் வேண்டிய அயற்சொல்லாக நின்றது.

சட்ட அகராதியாளர் அச்சொல்லை எவ்வாறு விளக்கினர் என்பதும் கவனத்துக்குரியது. அவர்கள் ‘மெயின்’ என்பதைக் கையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லெனக் கொண்டு, நூலின்மீது கைவைத்துப் பொய்ச்சூள் உரைத்தவன் எனப் பொருளுரைத்தனர். அமெரிக்காவில் 1910இல் வெளிவந்த பிளாக்கின் சட்ட அகராதி இரண்டாம் பதிப்பிலும் இவ்விளக்கம் காணப்படுகின்றது. மேலே காட்டிய ஒலிமாற்றத்தின்படி இவ்விளக்கம் பொருந்தாது. மெயின் என்பது பழைய ‘மான்’ என்பதன் வடபுல வடிவமேயாகும். ஆயினும் இப்பிழை வெறும் அறியாமையன்று. சட்டப்பிரெஞ்சில் பயின்ற கல்வியாளருக்குச் சட்டக்கருத்தொன்று ஆங்கிலக் குடியானவரின் சொந்தச் சொத்தாக இருக்கலாம் என்பது தோன்றவேயில்லை. சொல்லை இழந்தவர்களிடமிருந்து அதன் பிறப்பும் பறிக்கப்பட்டது.

8. அரசு வாங்கிய சூள்கள்

ஸ்கொட்லாந்தில் இச்சொல் வாழ்ந்த அறவுலகைப் புரிந்துகொள்ள 17ஆம் நூற்றாண்டின் சமய அரசியலை நோக்கவேண்டும். 1638இல் தேசிய உடன்படிக்கைக்கு மக்கள் பெருந்திரளாகச் சூளுரைத்துக் கையொப்பமிட்டனர். 1660இல் முடியாட்சி மீண்டபின்னர், பதவியில் இருப்போர் அதே உடன்படிக்கையை மறுத்துரைக்க வேண்டுமென 1662இல் கட்டாயப்படுத்தப்பட்டது. 1681இன் சோதனைச் சட்டம் விதித்த சூள் தனக்குள்ளேயே முரண்பட்டது. அச்சூளை அது தன்னோடு தான் முரண்படாத அளவிற்கே ஏற்பதாகக் கூறிய ஆர்கைல் பிரபுவுக்கு அரசத்துரோகத் தீர்ப்பு வழங்கப்பட்டது; தப்பியோடிய அவர் 1685இல் கிளர்ச்சியொன்றின் தோல்வியின் பின் பிடிபட்டு அத்தீர்ப்பின்படியே கொல்லப்பட்டார். 1684இல் விதிக்கப்பட்ட மறுப்புச்சூளை ஏற்காதவர்களை இரு சாட்சிகளின் முன் உடனடியாகவே கொல்லும் அதிகாரம் படையினருக்கு அளிக்கப்பட்டது.

இங்கு நிகழ்ந்தது என்ன? பொய்ச்சூளைத் தண்டிக்கவேண்டிய அரசே பொய்ச்சூளை உற்பத்தி செய்தது. முன்னைய சூளைக் காத்தவன் உயிரிழந்தான். அதனைக் கைவிட்டவன் தன் ஊரார் முன் பொய்ச்சூளனாகிப் பதவியில் இருந்தான். சட்டப்படி குற்றமற்றவன் மக்களின் சொல்லின்படி குற்றவாளி. மக்களின் அறச்சொல்லுக்கும் அரசின் சட்டச்சொல்லுக்கும் இடையில் தோன்றிய பிளவு இங்கு முழுமை பெறுகின்றது.

இவ்வறவுலகின் மற்றொரு முகத்தை ஹெலன் வோக்கர் என்னும் உழைக்கும் பெண்ணின் வரலாற்றிற் காணலாம். 1690இன் ஸ்கொட்லாந்துச் சட்டமொன்று, கருவுற்றதை மறைத்து, பிரசவத்துக்கு உதவி கோராது, குழந்தை இறந்தோ காணாமலோ போகுமாயின் தாயைக் கொலையாளியாகவே கொள்ளுமாறு விதித்தது. அச்சட்டத்தின்கீழ் 1738இல் டம்பிரீஸ் நகரில் ஹெலனின் தங்கைக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தங்கை தன்னிடம் கருவுற்றதைச் சொன்னாள் என ஹெலன் ஒரு வார்த்தை கூறியிருந்தால் வழக்கு முறிந்திருக்கும். அவள் பொய்ச்சூள் உரைக்க மறுத்தாள். பின்னர் இலண்டன்வரை நடந்து சென்று தங்கைக்கு மன்னிப்புப் பெற்றாள். 1791இல் வறுமையில் இறந்த அவளது கதையே வோல்ற்றர் ஸ்கொட் 1818இல் வெளியிட்ட ‘மிட்லோதியனின் இதயம்’ என்னும் நாவலின் கருவாயிற்று. 1831இல் ஸ்கொட் அவளுக்குக் கல்லறைக்கல்லும் நாட்டுவித்தார்.

இக்கதையை வாய்மையின் வெற்றியாக மட்டும் போற்றுதல் போதாது. ஓர் ஏழைப் பெண்ணைக் கொல்வதற்கு மற்றோர் ஏழைப் பெண்ணின் வாய்மையையே கருவியாக்கிய சட்டத்தின் கொடுமையும் இதில் உண்டு. சட்டம் அநீதியானது, ஆயினும் அவள் சூளை அவமதிக்கவில்லை. ஏனெனில் அவளுக்குச் சூள் சட்டத்தின் சொத்தன்று, தன்னுடையது. அச்சட்டத்தை அவள் பொய்யினால் வெல்லவில்லை, கால்நடையினால் வென்றாள்.

9. ஒப்பீடும் முடிவும்

1808இல் ஜேமிசன் வெளியிட்ட ஸ்கொட்லாந்து மொழியகராதியிலும், 1898 முதல் 1905 வரை ஜோசப் றைற் வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதியிலும் இச்சொல் பதிவாயிற்று. பேச்சிலிருந்து நழுவத் தொடங்கிய வேளையிலே அது அகராதியில் அடைக்கலம் பெற்றது. இங்கிலாந்தில் 1911இல் பொய்ச்சாட்சியம் பற்றிய சட்டங்கள் தொகுக்கப்பட்டபோது அத்தொகுப்பு தாங்கிய பெயர் ‘பேர்ஜரி’ என்பதே.

இனி, ஒப்பியல் நோக்கில் ஒரு வினா எஞ்சுகின்றது. ஜேர்மனியின் 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பொய்ச்சூளுக்கு வழங்கிய பெயர் ‘மைன்ஐட்’. இன்றும் அங்கு அதுவே சட்டச்சொல். சுவீடனின் குற்றவியற் கோவையிலும் ‘மேன்எட்’ என்பதே சட்டச்சொல். ஒரே வேர், ஒரே பொருள், ஒரே பழமை. அங்கெல்லாம் நீதிபதியின் தீர்ப்பில் வழங்கும் சொல், இங்கிலாந்தில் மட்டும் ‘பழவழக்கு, வட்டார வழக்கு’ என ஏன் ஒதுக்கப்பட்டது? சொல்லின் உள்ளியல்பில் இதற்கு விடையில்லை. பழமையால் ஒரு சொல் சாகுமாயின் பேர்லினிலும் ஸ்ரொக்ஹோமிலும் அது செத்திருக்கவேண்டும். வேறுபாடு 1066இல் தொடங்குகின்றது. வென்றவரின் மொழி சட்டமாயிற்று. தோற்றவரின் மொழி வயலுக்கும் அடுக்களைக்கும் சந்தைக்கும் சென்றது. தலைநகருக்கு அண்மையிலிருந்தோர் புதிய சொல்லைக் கற்றுக்கொண்டனர். தொலைவிலிருந்தோர் பழையதைக் காத்தனர். பின்னர் வந்த அகராதியாளர், காத்தவர்களின் சொல்லை ‘வட்டாரம்’ என்றனர்.

‘வட்டார வழக்கு’ என்னும் குறிப்பை ஆராய்ச்சியாளர் மொழியியல் உண்மையாக மட்டும் கொள்ளுதல் ஆகாது. பல வேளைகளில் அது ஓர் அதிகார உறவின் பதிவாகும். மன்ஸ்வோர்ன் என்னும் சொல்லில் ஒரு மக்கட்கூட்டம் தன் நீதியை ஒருகாலத்தில் தானே பேசியது என்பதற்கான சான்று உறைந்துள்ளது. அந்த நீதி சமத்துவமானதன்று. ஒரு குடியானவனின் உண்மைக்கு ஆறிலொரு பங்கு விலைதான் அதில் கிடைத்தது. ஆயினும் அந்த ஆறிலொரு பங்கையேனும் அவன் தனக்கு விளங்கும் சொல்லில் கேட்டான். பின்வந்த சட்டத்தில் அவன் நிறுத்தப்பட்ட குற்றத்தின் பெயரே அவனுக்கு அயலாயிற்று. நீதிமன்றத்தில் நிற்பவனுக்குத் தன்மீது சுமத்தப்படும் சொல் விளங்கவேண்டும், தான் சொல்லும் சொல் அங்கு விளங்கவேண்டும் என்னும் கோரிக்கை இன்றும் பல நாடுகளில் முற்றாக நிறைவேறாத கோரிக்கையே. அக்கோரிக்கையின் பழைய தடமொன்றாக, வழக்கிழந்த இவ்வடநாட்டுச் சொல் ஆராயத்தக்கது.